கோழிக்கு ஊர் பேர் உண்டு, காபிக்கு ஏன் இல்ல?

ஒரு ஊர்ப் பேருக்கு எவ்வளவு மதிப்புன்னு காரைக்குடியில படிக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு எங்க போனாலும் 'செட்டிநாடு'ன்னு போர்டு வச்ச ஒரு ஹோட்டல் இருக்கும். உள்ள சமைக்கிறவர் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பேர் விக்குது. செட்டிநாடு கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைச்சது. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைச்சது. அதே வருஷம் திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு மூணுக்கும் கிடைச்சது.

இப்ப ஒரு கேள்வி. இன்னிக்குக் காலையில நீங்க குடிச்ச காபி எந்த மலையில விளைஞ்சது?

தெரியாதுன்னா வெட்கப்பட ஒண்ணும் இல்ல. டம்ளர்லயும் எழுதல, பாக்கெட்லயும் எழுதல. பெரும்பாலும் வித்தவருக்கும் தெரியாது. பூண்டுக்கும் பூட்டுக்கும் ஊர் கேக்குற நாம, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குடிக்கிற பொருளுக்குக் கேக்கவே மாட்டோம். நான் சொல்ல வர்றது இதுதான்: நம்ம மலைக் காபிக்கு ஊர் பேர் வேணும், அதை முதல்ல கேக்க வேண்டியது குடிக்கிற நாம. ஸ்டைலுக்காக இல்ல. பேர் இல்லாத காபிக்கு, விளைவிச்சவரால விலை சொல்ல முடியாது.

கடையில பேசுற நாலு வார்த்தை

காபித்தூள் கடையில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. வாங்க வர்றவங்க நாலே வார்த்தையிலதான் பேசுவாங்க: பிளான்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா, சிக்கரி.

'பிளான்டேஷன்' என்பது ஒரு தோட்டத்தோட பேர் இல்ல. பழத்தோலை உரிச்சு, தண்ணியில கழுவிப் பதப்படுத்தின அராபிகாவுக்கு இந்திய வியாபாரத்துல வச்ச பேர் அது. 'ஏ' என்பது மார்க் இல்ல, சல்லடை அளவு. பெரிய கொட்டை ஏ, அதைவிடச் சின்னது பி. பீபெரின்னா, ஒரு பழத்துக்குள்ள வழக்கமா ரெண்டா இருக்கிற கொட்டை ஒண்ணா, உருண்டையா விளைஞ்சது. எல்லாத் தோட்டத்துலயும் கொஞ்சம் வரும். ரோபஸ்டா வேற ஒரு காபி இனம்: காஃபீன் அதிகம், கசப்பு அதிகம், தாழ்வான இடத்துலயும் தாங்கி வளரும்.

சிக்கரி காபியே இல்ல, ஒரு செடியோட வேர். குஜராத்துலயும் உத்தரப் பிரதேசத்துலயும் விளையுது. வறுத்து அரைச்சா டிகாஷன் கருப்பா, கெட்டியா இறங்கும். கலவைத்தூள்ல காபி குறைஞ்சது 51 சதவீதம் இருக்கணும், எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரின்னு பாக்கெட்ல அச்சடிக்கணும்னு சட்டம் சொல்லுது. அதாவது சட்டப்படியே 49 சதவீதம் வரைக்கும் வேர் இருக்கலாம். உங்க ரூம்ல இருக்கிற பாக்கெட்டைத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க. இந்தக் கட்டுரையை விட அது சீக்கிரம் புரிய வைக்கும்.

அளவு, வடிவம், இனம், கலப்படம் இல்லாத கலப்பு. நாலு வார்த்தையும் முடிஞ்சுது. ஒண்ணுகூட இடத்தைச் சொல்லல, ருசியையும் சொல்லல.

மலையில என்ன நடக்குது

நமக்குப் பக்கத்துல இருக்கிற காபி மலை சிக்மகளூர் இல்ல, கீழ்ப்பழனி மலை. காலையில காரைக்குடியில பஸ் ஏறி, திண்டுக்கல், வத்தலக்குண்டுல மாறினா சாயங்காலத்துக்குள்ள தாண்டிக்குடி போயிடலாம். அந்தப் பக்கம் பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் எல்லாமே காபி ஊர்கள்தான். தாண்டிக்குடியில காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு.

ருசிக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது ரியாக்‌ஷன் ரேட் விஷயம். இந்தியாவுல அராபிகாவுக்கு ஏத்த உயரம் சுமார் 1,000 முதல் 1,500 மீட்டர். மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை பெய்யணும். அந்த மழைக்கு அப்புறம் ஒரு வாரம் பத்து நாள்ல தோட்டமே வெள்ளையாப் பூத்துடும், மல்லிகை மாதிரி வாசம் வரும். அங்கிருந்து பழம் சிவக்க எட்டு ஒன்பது மாசம். குளிர்ச்சியில பழம் மெதுவாப் பழுக்கும். மெதுவாப் பழுக்கிறப்ப கொட்டை இறுகும், சர்க்கரையும் அமிலமும் நல்லாச் சேரும். வறுக்கிறப்ப வாசமா மாறுறது இதெல்லாம்தான். வெப்பமான இடத்துல பழம் அவசரமாச் சிவந்துடும், உள்ள சரக்கு குறைவு.

நிழலும் இதே வேலையைச் செய்யுது. நம்ம மலைகள்ல காபி வெட்ட வெளியில வளர்றதில்ல. மேல சில்வர் ஓக், பலா, நடுவுல முள்முருங்கை, மரத்துல மிளகுக்கொடி, ஊடால மலைவாழை, ஆரஞ்சு, அவகாடோ. வெயில் வடிகட்டி விழும், உதிர்ற இலை மண்ணுக்கு உரமாகும், பறவைக்கும் இடம் இருக்கும். காபி விலை விழுந்த வருஷம் மிளகோ வாழையோ விவசாயிக்குக் கை கொடுக்கும்.

அப்புறம் பறிப்பு. ஒரே கிளையில பச்சை, மஞ்சள், சிவப்பு மூணும் இருக்கும். நல்ல காபி வேணும்னா சிவந்ததை மட்டும் பறிச்சு, மீதிக்குத் திரும்பத் திரும்ப வரணும். பறிச்ச அன்னிக்கே தோலை உரிக்கணும். கொட்டை மேல ஒட்டியிருக்கிற வழவழப்பு நொதிச்சுக் கரைய ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். சில மணி நேரம் தவறினா அந்த லாட்டே புளிச்சு நாறும். அப்புறம் கழுவி, ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் காயவைக்கணும். அஞ்சு ஆறு கிலோ பழம் கடைசியில ஒரு கிலோ பச்சைக் கொட்டை ஆகும்.

இதையெல்லாம் ஒழுங்காச் செஞ்ச காபியை, பயிற்சி பெற்ற ஆட்கள் பாலும் சர்க்கரையும் இல்லாம ருசிச்சு 100க்கு மார்க் போடுவாங்க. 80க்கு மேல வாங்கினா அதுக்குப் பேர் ஸ்பெஷாலிட்டி காபி. வேற மாயம் ஒண்ணும் இல்ல. நம்ம நாட்டுல பரவலா இருக்கிற எஸ்.795 என்ற அராபிகா ரகமே நல்ல கவனிப்புல வளர்ந்தா மென்மையா, லேசான சாக்லேட் சாயலோட வரும். அதே கொட்டையை அரைகுறையாப் பறிச்சு, கருக வறுத்து, பாதிக்குப் பாதி சிக்கரி போட்டா எந்த மலைன்னு அந்த மலைக்கே தெரியாது.

பேர் எங்க தொலைஞ்சுது

இதுக்கு ஒரு சரித்திரக் காரணம் இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் காபி விலை சரிஞ்சப்ப, விவசாயிகளைக் காப்பாத்தறதுக்குன்னு 1942இல் காபிச் சட்டம் வந்தது. அது கொண்டுவந்த முறை 'பூல்'. எல்லாரும் விளைச்சலைக் காபி வாரியத்துக்கிட்ட ஒப்படைக்கணும். வாரியம் ஏலம் விட்டு வித்து, பணத்தைத் தவணை தவணையாத் தரும். நோக்கம் நல்லதுதான். ஆனா அந்தப் பொதுக் குவியல்ல போய் விழுந்த பிறகு உங்க தோட்டத்துக் காபி, பக்கத்து மலைக் காபின்னு எதுவும் கிடையாது. தனியா ருசி கொண்டு வரணும்னு யாருக்குத் தோணும்? இந்த முறை 1990களில்தான் படிப்படியாத் தளர்ந்தது, 1996இல் முழுசாப் போச்சு. அரை நூற்றாண்டு பேர் இல்லாம வித்த பழக்கம் அது. நம்ம நாக்குக்கும் அதே பழக்கம்.

கிடைச்ச சுதந்திரத்தைச் சிலர் பயன்படுத்திக்கிட்டாங்க. 2019இல் அஞ்சு இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது: குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபா புடன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா. கர்நாடகா மூணு, கேரளா ஒண்ணு, ஆந்திரா ஒண்ணு. தமிழ்நாட்டு மலை ஒண்ணுகூட அந்தப் பட்டியல்ல இல்ல.

நம்மகிட்ட காபி இல்லாமலா? இந்திய உற்பத்தியில கர்நாடகா சுமார் 70 சதவீதம், கேரளா 20 சதவீதம், தமிழ்நாடு 5, 6 சதவீதம். அளவுல சின்ன ஆள்தான், ஆனா மூணாவது இடம். அதோட, நாடு முழுக்க ரோபஸ்டாதான் அதிகம் விளையுறப்ப தமிழ்நாட்டுல அராபிகா அதிகம். ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்துல. நீலகிரி, வால்பாறை, போடிக்கு மேல இருக்கிற மலைகள், கொல்லிமலைன்னு நீளமான பட்டியல் இருக்கு. கீழ்ப்பழனி அடிவாரத்துல இருக்கிற பட்டிவீரன்பட்டி காபி வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். சென்னை பாண்டி பஜாருக்குப் பேர் தந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அந்த ஊர்க்காரர்தான். ஊர்க்காரர் பேர்ல சென்னையில ஒரு கடைவீதி இருக்கு. ஊர்க் காபி பேர்ல நம்ம கடையில ஒரு டப்பா இல்ல.

விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அதே மலையில, அந்த வாழைக்குப் பக்கத்துலயே நிக்கிற காபிச்செடிக்கு இல்ல.

பேர் இல்லன்னா என்ன நஷ்டம்?

பேர் இல்லாத அராபிகாவோட விலை நியூயார்க் சந்தையைப் பாத்து ஏறும், இறங்கும். 2001 கடைசியில அங்க ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழ விழுந்தது. பிரேசில்லயும் வியட்நாம்லயும் விளைச்சல் குவிஞ்சதுதான் காரணம். 2025 பிப்ரவரியில அதே பவுண்டு 4 டாலரைத் தாண்டிச்சு. பிரேசில்ல வறட்சி. ரெண்டு தடவையும் தாண்டிக்குடி விவசாயி வேலையைக் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. விழுந்தப்ப ஏன் விழுந்தது, ஏறினப்ப எத்தனை நாளைக்கு நிக்கும், எதுவும் அவர் கையில இல்ல.

இந்தியாவுல காபித் தோட்டம் வச்சிருக்கிறவங்கள்ல 98 சதவீதத்துக்கு மேல 10 ஹெக்டேருக்குக் குறைவா வச்சிருக்கிற சின்ன விவசாயிகள். விலை விழுந்த வருஷத்தைத் தாங்க அவங்களுக்கு இருக்கிறது ரெண்டு வழி. ஒண்ணு, ஊடுபயிர். இன்னொண்ணு, 'இந்த மலை, இந்த ருசி'ன்னு தேடி வர்ற வாங்குபவர். அரக்குல பழங்குடி விவசாயிகளோட காபி அப்படித்தான் தன் பேரோட வெளிய வந்தது. 2017இல் பாரிஸ்லயே கடை திறந்துட்டாங்க. அதுக்கு முன்னாடியும் அரக்குல காபி விளைஞ்சுக்கிட்டுதான் இருந்தது. குடிக்கிறவங்களுக்கு அந்தப் பேர் தெரியாம இருந்தது, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து ஆட்களும் காபியும்

செட்டிநாட்டு மண்ணுல காபி விளையாது. ஆனா காபிக்கும் இந்தச் சீமைக்கும் உறவு பழசு. 19ஆம் நூற்றாண்டுல இலங்கை மலைநாடு காபித் தோட்டமா இருந்தப்ப, அதுல வேலை செஞ்சவங்க ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திருச்சிப் பக்கத்து ஜனங்க. ராமேஸ்வரம் பக்கம் கடல் கடந்து, மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளை, கண்டி வரைக்கும் நடந்தே போனாங்க. காலராவுலயும் பசியிலயும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். நகரத்தார் அதே இலங்கையில அரிசி வியாபாரமும் வட்டித் தொழிலும் பண்ணாங்க. இந்தப் பக்கத்துப் பணமும் அங்க போச்சு, உழைப்பும் போச்சு.

அந்தக் காபி எப்படி அழிஞ்சுதுன்னும் தெரிஞ்சுக்கணும். காட்டை மொட்டையா வெட்டி, பெரும்பாலும் நிழலே இல்லாம, மலை மலையா ஒரே பயிர். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் போய் அந்த இடத்துல தேயிலை வந்துடுச்சு. நிழலும் ஊடுபயிரும் ஏன் வெறும் அழகு இல்லன்னு இது சொல்லுது.

இன்னொண்ணும் சொல்லுது. 'சிலோன் காபி'ன்னு லண்டன்ல பேர் இருந்தது. பறிச்சவங்களுக்கு அந்தப் பேரால என்ன கிடைச்சது? அதனால ஊர் பேர் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். மலையில பழம் பறிக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். கிலோ கணக்குல கூலின்னா, 'சிவந்ததை மட்டும் பறி'ன்னு சொல்றது அவங்க கூலியைக் குறைக்கிற வேலை. பொறுக்கிப் பறிச்சா கூடை ரொம்ப நேரம் ஆகும். அப்ப நாள் கூலியோ, கிலோவுக்குக் கூடுதலோ தந்தாதான் நியாயம். ஸ்பெஷாலிட்டின்னு லேபிள் ஒட்டுறவங்ககிட்ட மலை பேருக்கு அடுத்து நாம கேக்க வேண்டிய கேள்வி அது: பறிச்சவங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க? பேர் இருந்தாதான் யார்கிட்ட கேக்குறதுன்னாவது தெரியும். பொதுக் குவியல்கிட்ட யாரும் கேக்க முடியாது.

"சும்மா சீன் போடாத"

இந்த விஷயத்தை ஹாஸ்டல்ல பேசினா வர்ற பதில்கள் தெரிஞ்சதுதான்.

முதல்ல, "ஃபில்டர் காபிதான் நம்ம பண்பாடு, அதுல கை வைக்காத." கை வைக்கல. பித்தளை ஃபில்டரும் இருக்கட்டும், பாலும் இருக்கட்டும், நுரையும் இருக்கட்டும். நல்ல மலைக் காபி ஃபில்டர்லயும் அருமையா இறங்கும். சிக்கரி பிடிச்சா போட்டுக்குங்க, அது ஒரு ருசி. ஆனா எவ்வளவு போடுறோம்னு தெரிஞ்சு போடுங்க. இன்னொரு விஷயம், காபியே நம்ம வீடுகளுக்கு வந்து ரொம்ப காலம் ஆகல. தமிழ்நாட்டுல அது எப்படிப் பரவினதுன்னு ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதின கட்டுரையோட தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'.

ரெண்டாவது, "காசு யார் குடுப்பா?" கணக்குப் போட்டுடலாம். கால் கிலோ நல்ல மலைக் காபி 500 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு டம்ளருக்கு 12 கிராம் தூள்னா இருபது டம்ளர் வரும். டம்ளருக்கு 25 ரூபாய், பால் தனி. டீக்கடைக் காபியை விட அதிகம், ஒத்துக்கறேன். ஆனா மதுரை, திருச்சி மால்ல ஒரு கப்புச்சினோவுக்குத் தர்ற காசுல இதை ஒரு வாரம் குடிக்கலாம். அங்க எந்த மலைன்னு கேக்காமலே குடுக்கிறோமே.

மூணாவது, "எல்லாக் காபியும் ஒரே மாதிரிதான் இருக்கு." பாலும் மூணு ஸ்பூன் சர்க்கரையும் போட்டா அப்படித்தான் இருக்கும். ஒரு தடவை மட்டும் இதைப் பண்ணுங்க. ஒரு டம்ளர்ல வழக்கமான கலவைத்தூள் டிகாஷன், இன்னொண்ணுல சிக்கரி இல்லாத மலை அராபிகா டிகாஷன். ரெண்டுலயும் சமமா வெந்நீர் விட்டு, வெதுவெதுப்பா ஆற விடுங்க. அப்புறம் ஒரு வாய் இது, ஒரு வாய் அது. கலவையில கனமும் கசப்பும் தெரியும். மலைக் காபியில நாக்கு ஓரத்துல ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு புளிப்பு தெரியும். அது கெட்டுப்போன புளிப்பு இல்ல, பழத்தோட புளிப்பு. காபி ஒரு பழம்னு நாக்குக்கு அப்பதான் புரியும்.

என்ன செய்யலாம்

பெருசா ஒண்ணும் இல்ல, மூணே விஷயம்.

ஒண்ணு, தூள் வாங்குறப்ப "அண்ணே, இது எந்த மலைக் கொட்டை?"ன்னு கேளுங்க. முதல் நாள் உங்களை ஒரு மாதிரி பாப்பார். பத்து பேர் கேட்டா அவர் தன் சப்ளையர்கிட்ட கேப்பார். சப்ளையர் மலையில கேப்பார். காய்கறிக் கடையில "மலைப்பூண்டா, நாட்டுப்பூண்டா?"ன்னு நம்ம அம்மாங்க கேக்கறதாலதான் ரெண்டும் தனித்தனிக் கூடையில இருக்கு.

ரெண்டு, விடுமுறைக்குக் கொடைக்கானல் போறவங்க தூண்பாறையில செல்ஃபி எடுத்துட்டு ஹோம்மேட் சாக்லேட்டோட திரும்பாம, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியா இறங்கி ஒரு தோட்டத்துக்காரர்கிட்ட நேராத் தூள் வாங்கிட்டு வாங்க. ஜனவரியில போனா பறிப்பும் களமும் பாக்கலாம்.

மூணு, இது நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் அதே ஆட்டோமேட்டிக் தெருவிளக்கு, அதே ஸ்மார்ட் டஸ்ட்பின். காயவைக்கிற களத்துல சின்ன விவசாயிக்குத் தேவை, ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வந்துடுச்சான்னு சொல்ற ஒரு மலிவான கருவி. கொட்டையைக் கடிச்சுப் பாத்தும், ஒரே அளவுப் பாத்திரத்துல நிரப்பி எடை போட்டும் பாக்குற வழக்கம் இன்னும் இருக்கு. ஈரம் மாறினா மின்தேக்குத்திறன் மாறும்னு ரெண்டாவது செமஸ்டர்லயே படிச்சாச்சு. நொதிக்கிற தொட்டியில வெப்பமும் பிஹெச்சும் பாத்து "இப்ப கழுவு"ன்னு மெசேஜ் அனுப்புற ஒரு பெட்டி, சிவந்த பழத்தையும் பச்சையையும் கேமராவுல பிரிக்கிற ஒரு சின்ன மெஷின். எதுவும் ராக்கெட் இல்ல. விவசாயி பேரோட விக்கணும்னா ஒவ்வொரு லாட்டும் போன லாட் மாதிரியே வரணும், அதுக்கு அளவுகோல் வேணும். அந்த அளவுகோலை நாம செய்யலாம்.

செட்டிநாடுங்கிற பேரை உலகம் முழுக்க யார் யாரோ போர்டுல எழுதிச் சம்பாதிக்கிறாங்க. தாண்டிக்குடிங்கிற பேரை, அங்க விளைவிக்கிறவங்களே தங்கள் காபி மேல எழுதி விக்கணும். அடுத்த கால் கிலோ வாங்குறப்ப அந்த ஒரு கேள்வியைக் கேட்டுடுங்க.